பின்னறை ஒயர்ப்பெட்டி

ஒரே வீட்டுக்கு மூன்றாம் முறை பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை கூச்சம் இருக்காது. தாயில்பட்டியைத் தாண்டி, வேலிக்கருவைக் காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்தப் பட்டாசு கம்பெனி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது செல்வலட்சுமிக்கு இறங்க மனசு வரவில்லை. மனசு வந்தபிறகும் இடுப்பு வரவில்லை. விருதுநகரிலிருந்து ஒரே ஓட்டம். ரோடு என்று பெயருக்கு இருந்ததில் பாதி பள்ளம். ஒரு கையால் இடுப்பையும் இன்னொரு கையால் டூல்ஸ் பையையும் பிடித்துக்கொண்டு அவள் நடந்த நடையைப் பார்த்தால் கம்ப்யூட்டர் சரிபண்ண வந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வழி கேட்பாள் என்றுதான் நினைப்பார்கள்.

விருதுநகரில் சீனிவாசகம் நடத்துகிற கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அவளுக்கு வேலை. பருப்பு மண்டி, எண்ணெய் மில், பட்டாசு கம்பெனி என்று எங்கே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் ஓடுவது அவள்தான். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. முதுகில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது, ஸ்கூட்டரை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்.

இப்போது கடையில் ஒரு நாற்காலி காலியாகிறது. போனை எடுத்து, வாடிக்கையாளர் புலம்புவதைக் கேட்டு, இருந்த இடத்திலிருந்தே அவர்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து சரிபண்ணுகிற வேலை. முதுகுக்கு மெத்தை வைத்த நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி. போன வருஷம் சேர்ந்த ஹரிபிரசாத்தும் அதன்மேல் கண் வைத்திருந்தான். காலையில் சீனிவாசகம் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார்.

“தாயில்பட்டி கேஸை இன்னைக்கு முடிச்சுட்டு வாங்க. அவுககிட்டயிருந்து மறுபடி ஒரு போன் வரலைன்னா திங்கக்கிழமையிலிருந்து அந்த ஸீட்டு உங்களுக்கு. வந்துச்சுன்னா ஹரிபிரசாத்துக்கு. நாளைக்கு நான் ஓரவஞ்சனை பண்ணுனேன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க.”

வழியெல்லாம் அவள் அந்த நாற்காலியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை நினைத்தாள்.

கம்பெனி முதலாளி முத்துக்கிருஷ்ணன் ஆபீஸ் வாசலிலேயே நின்றிருந்தார். வெடிமருந்து ஷெட்டுகள் எல்லாம் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், தள்ளித் தள்ளி. ஆபீஸ் மட்டும் கேட்டை ஒட்டி இந்தப் பக்கம். அவர் மோசமான மனுஷர் இல்லை. அன்று மோசமான முகத்தோடு இருந்தார்.

“வாங்கம்மா. சாப்பிட்டீகளா?”

“ஆச்சு அண்ணாச்சி.”

“மொதத் தடவை சாப்ட்வேர்னீக. அடுத்த தடவை கார்டுன்னீக, அதையும் மாத்துனீக. இன்னைக்கு என்ன சொல்லப்போறீக?” அவள் பதில் தேடுவதற்குள் அவரே தொடர்ந்தார். “எனக்கு நெட்டு போறதைப் பத்திக்கூட கவலை இல்ல. மேகசின் ஷெட்டுக் கேமரா படம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் ஏறுது. நடுநடுவுல ஒண்ணுமே இல்லாமக் கெடக்கு. சரக்கு வச்சிருக்கிற ஷெட்டும்மா. இந்த நேரத்துல எதை ஏத்துனீங்க, எதை மறைக்கிறீங்கன்னு ஆபீசர் கேக்காரு. லைசென்ஸ்ல கை வச்சுட்டாகன்னா இம்புட்டு ஜனமும் தெருவுலதான் நிக்கணும். எவனோ ஒயர்ல கை வைக்கான்னு எனக்குத் தோணுது. ஆளு தெரிஞ்சா மறைக்காமச் சொல்லுங்க. எவனா இருந்தாலும் இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன்.”

பார்க்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூல். சாய ஒன்றுமில்லை. உலகத்தில் ஸ்டூலைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவனுக்கு முதுகு இருந்திருக்காது. வைரஸ் தொல்லை தாங்காமல் இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த மெஷினில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது அவள்தான். வயர்லெஸ் வைத்திருந்தால் தலைவலி விட்டது. ஆனால் அலை, சிக்னல் எதுவும் மருந்துக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று முத்துக்கிருஷ்ணன் ஒரே பிடியாக நின்றார். அவருடைய அப்பா காலத்துக் கட்டுப்பாடு அப்படி. ஆகவே எல்லாம் ஒயர்தான்.

கறுப்புத் திரையைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஐபி முகவரி இருக்கிறதா? இருந்தது. கேமராவுக்கு பிங் போகிறதா? மணிமணியாகப் போய்த் திரும்பியது. டாக்டரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துகொள்கிற நோயாளி மாதிரி எல்லாம் நலம் என்றது மெஷின். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கெட்டுப்போன பொருளைச் சரிபண்ணலாம். கெட்டுப்போனதை ஒத்துக்கொள்ளாத பொருளை என்ன செய்வது?

பிறகு லினக்ஸின் அடிமட்டமான கெர்னல் எழுதி வைத்திருந்த பழைய பதிவுகளைப் புரட்டினாள். லிங்க் டவுன். லிங்க் அப். லிங்க் டவுன். லிங்க் அப். பக்கம் பக்கமாக அதே புலம்பல். முதல் தடவை இதைப் பார்த்துவிட்டுத்தான் டிரைவர் சாப்ட்வேரைப் புதுப்பித்தாள். இரண்டாம் தடவை நெட்வொர்க் கார்டையே மாற்றினாள். ஆனால் லிங்க் டவுன் என்றால் அதற்கு இருக்கிற நேரான அர்த்தம், ‘மறுமுனையில் ஒயர் இல்லை’ என்பது. அதை மட்டும் அவள் இரண்டு தடவையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் வேறொன்றுமில்லை. அந்த ஒயருக்கெல்லாம் அவளே தன் கையால் முனையில் கனெக்டர் அடித்திருந்தாள். தன் பிள்ளை திருடாது என்று நம்புகிற அம்மாக்காரி மாதிரி, பின்னறையில் இருந்த ஒயர்ப்பெட்டியை அதன் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, பச்சை விளக்கு எரிகிறது என்று இரண்டு தடவையும் திரும்பிவிட்டாள்.

இன்று நிதானமாகப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் உண்டு, கரண்ட் போனாலும் பதிவு ஓடும். சில இடங்களில் லிங்க் போனால் வெகுநேரம் வரவில்லை. அதுவும் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல். அப்படி ஒரு பெரிய வெட்டு விழுந்த பிறகுதான் சின்னச் சின்னச் சிமிட்டல்கள் ஆரம்பித்தன. புதிதாக எது நடந்தாலும் உடனே காட்டும்படி திரையை விட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. திரையில் ஒரு வரி குதித்தது. லிங்க் டவுன். கண் மூடித் திறப்பதற்குள் அடுத்தது, லிங்க் அப்.

“டீ எடுத்துக்கோங்க தாயி” என்று வந்து நின்றார் மாரிக்கண்ணன்.

அவரை அவளுக்குத் தெரியும். ரொம்ப வருஷத்துக்கு முன்பு நடந்த வெடி விபத்தில் பிழைத்தவர். வலதுகை விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இடதுகையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். ஷெட்டு வேலைக்கு இனி ஆகாது என்றான பிறகு முத்துக்கிருஷ்ணன் அவரைக் கைவிடாமல் ஆபீஸ் பின்னறையில் உட்கார வைத்தார். மெயின் சுவிட்சைப் பார்த்துக்கொள்வது, இடி இடித்தால் மெயினை இறக்கிவிட்டு மணி அடித்து ஷெட்டுகளிலிருந்து ஆட்களை வெளியேற்றுவது, டீ வாங்கி வருவது, இவைதான் வேலை. டீத் தூக்கின் வளையத்தை மணிக்கட்டில் மாட்டித்தான் கொண்டுவருவார்.

“அண்ணே, அந்தக் கதவை இன்னொரு தடவை சாத்துங்க.”

“எதுக்கு?”

“சாத்துங்களேன்.”

அவர் போய்ச் சாத்தினார். திரையில் மறுபடி ஒரு டவுன், ஒரு அப். மூன்று பயணம், ஒரு புதுக் கார்டு, இத்தனை இடுப்பு வலி, எல்லாம் ஒரு கதவுக்காகவா என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பின்னறைக்கு அவள் போனபோது மாரிக்கண்ணன் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். விலகச் சொன்னாள். மெதுவாகத்தான் விலகினார்.

பெட்டியைத் திறந்ததும் விளங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்கு ஒன்று, கேமராக்களுக்கு மிச்சம் என்று நெட்வொர்க் சுவிட்சில் செருகியிருந்த ஒயர்கள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. ஒன்றை விரலால் தொட்டாள். கையோடு வந்தது. லேன் ஒயரின் முனையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். செருகினால் க்ளிக்கென்று மாட்டிக்கொள்ளும். அதை அழுத்தினால்தான் வெளியே வரும். அந்த க்ளிப்பு ஒரு ஒயரிலும் இல்லை. ஒடிந்திருந்தால் பிசிறு இருக்கும். இதெல்லாம் பிளேடு வைத்து அளவாக நறுக்கியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

“நான்தான் தாயி” என்றார் மாரிக்கண்ணன். “இடி இடிச்சா மெயினை இறக்குவேன். அப்புறம் இதையும் பிடுங்கிருவேன். அழுத்துனாத்தான் வருது. இந்தக் கையால எங்கன அழுத்த?” இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார். “பல்லால கடிச்சு இழுத்துப் பாத்தேன். அதுக்குள்ள மேகமே கலைஞ்சு போயிருது. அதான் வெட்டிட்டேன். மழை விட்டதும் நானே திரும்பச் செருகிருவேன். வெளக்கு எரியுமே.”

“மெயினை இறக்குனாப் போதும்ணே. இதை ஏன் பிடுங்குறீக?”

“இந்த ஒயரு எங்க போகுது? மேகசினுக்குத்தானே போகுது?”

“கேமராவுக்குப் போகுது. அதுக்கெல்லாம் எர்த் போட்டிருக்கு. பிடுங்க வேண்டாம்.”

“கை வெந்த அன்னைக்கும் வேண்டாம்னுதான் சொன்னாக” என்றார் அவர். “மேகம் இருட்டுதே, நிப்பாட்டிருவமான்னு கேட்டேன். சும்மா தூத்தல்தான், வேண்டாம், வேலையைப் பாருன்னாக. சொன்னவரு இப்ப இல்ல.”

எர்த் கம்பியைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசலாம். யாருக்காகப் பேசுவது? அவளுக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் அவள் இந்த ரோட்டில் மூன்று தடவை இடுப்பை ஒடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டாம். முதலாளி சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். கணக்கு முடித்து அனுப்பினால் இந்தக் கையை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பார்? கோபம் இருக்கும்போதே இதையும் நினைக்க வேண்டியிருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“சொல்லிருவீகளா?” என்று கேட்டார்.

“வேலையைப் பாக்க விடுங்க.”

தரையில் உட்கார்ந்து பழைய முனைகளை எல்லாம் நறுக்கிப் போட்டாள். புதுக் கனெக்டர்களை ஒவ்வொன்றாக அடித்தாள். எட்டு மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்து வரிசையாகப் பிடித்து நுழைப்பதற்குள் கண்ணாடியை எத்தனை தடவை துடைத்தாளோ. எல்லாம் க்ளிக், க்ளிக்கென்று சுவிட்சில் உட்கார்ந்தன. கதவைப் படாரென்று சாத்திப் பார்த்தாள். ஆபீசுக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். ஒரு வரி இல்லை. மறுபடி சாத்தினாள். அசையவில்லை. கேஸ் முடிந்தது. கனெக்டர் பழசாகிவிட்டது, மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். திங்கள்கிழமை நாற்காலி.

அவள் பையை மூடும்போதுதான் மேற்கே உறுமியது. கோடை மழைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிற பழக்கம் கிடையாது.

மாரிக்கண்ணன் ஓடினார். மெயினை முழங்கையால் அடித்து இறக்கினார். மணிக்கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அடித்தார். முத்துக்கிருஷ்ணன் குடையைக்கூட எடுக்காமல் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஓடினார். ஷெட்டுகளிலிருந்து பெண்களும் ஆண்களும் வேகமாக வெளியேறி, தள்ளியிருந்த ஓய்வுக் கூடத்துக்குப் போனார்கள். அந்த மணிச் சத்தத்துக்கு அங்கே எல்லோரும் அப்படித்தான் போவார்கள்.

பின்னறைக்குத் திரும்பிய மாரிக்கண்ணன் நேராகப் பெட்டிக்குப் போனார். முதல் ஒயரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஒட்டிப்போன விரல்களால் க்ளிப்பைத் தேடினார். சுண்டுவிரலால் அழுத்திப் பார்த்தார், வழுக்கியது. பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. அவர் குனிந்து வாயைப் பெட்டிக்குள் கொண்டுபோனார். பெரிய மனுஷர் ஒருவர் சுவிட்சின்மேல் முகத்தை வைத்து ஒயரைப் பல்லால் கடிப்பதைப் பார்க்கச் செல்வலட்சுமிக்குச் சகிக்கவில்லை.

“விடுங்க. விடுங்கண்ணே!” என்று அவரை நகர்த்திவிட்டு அவளே ஒவ்வொரு க்ளிப்பாக அழுத்தி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள்.

அவர் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. இன்றைக்கு அவள் இருந்தாள், பிடுங்கினாள். நாளைக்கு? நாளைக்கு இவர் மறுபடி பிளேடை எடுப்பார். கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். லிங்க் போகும். சீனிவாசகத்துக்குப் போன் போகும். இவருக்கு இழுத்தால் வர வேண்டும், கதவைச் சாத்தினால் வரக்கூடாது. வழி என்ன என்று யோசித்தாள். அலுத்துப்போன மூளைக்கு அது வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பையில் ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற ஒட்டுப்பட்டை இருந்தது, செருப்பு வாரில் இருக்குமே, சர்ரென்று பிரிகிற மாதிரி. க்ளிப்பை எடுத்துவிட்டு, எல்லா ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து, பட்டையால் பெட்டியோடு அணைத்துக் கட்டிவிட்டால் அசையாது. பட்டையின் முனையில் ஒரு வளையம் விட்டால் மணிக்கட்டை நுழைத்து ஒரே இழுப்பு. மொத்தமும் கழன்றுவிடும்.

“அந்த பிளேடு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

அவர் மெயின் போர்டுக்கு மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். சன்னலில் வந்த மங்கின வெளிச்சத்தில் உட்கார்ந்து, சற்றுமுன் தானே அடித்த புதுக் கனெக்டர்களின் க்ளிப்புகளை அவளே நறுக்க ஆரம்பித்தாள். இதைவிடப் பைத்தியக்கார வேலையை அவள் சர்வீஸில் பார்த்ததில்லை. ஆனாலும் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வேலை சரியாக வருகிறது என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து முத்துக்கிருஷ்ணன் உள்ளே வந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். அவள் கையில் பிளேடு. மடியில் ஒயர். தரையில் க்ளிப் இல்லாத பழைய முனைகள், பக்கத்தில் இப்போது நறுக்கிய புது க்ளிப்புகள். கையும் களவுமாகப் பிடித்த முகம் அவருக்கு.

“ஓஹோ” என்றார். “நீகதானா?”

செல்வலட்சுமி பட்டையைக் காட்ட வாயெடுத்தாள். பட்டையைக் காட்டினால் வளையம் எதற்கு என்பார். வளையம் எதற்கு என்றால் பழைய முனைகளை வெட்டியது யார் என்பார். மாரிக்கண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒயரை வெட்டிவிட்டுட்டு, வந்து வந்து சரிபண்ணிச் சம்பளம் வாங்குறீகளோ? நான் இங்கன ஒவ்வொருத்தனையா சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன். சொல்லுங்கம்மா, இதையெல்லாம் வெட்டுனது நீகதானா இல்லையா?”

“ஆமா அண்ணாச்சி” என்றாள். “நான்தான்.”

அவர் விறுவிறுவென்று திரும்பினார். ஆபீசுக்குப் போய்ப் போனை எடுத்தார். சீனிவாசகத்தோடு அவர் பேசியது சுவர் தாண்டிக் கேட்டது. இனிமேல் இந்தப் பொம்பளையை என் வாசலுக்கு அனுப்பாதீக என்றார். அப்புறம் அந்தப் பக்கம் சொன்னதற்கெல்லாம் ம், ம் என்றார். ஹரிபிரசாத் என்ற பெயரும் ஒருமுறை வந்தது.

செல்வலட்சுமி பாதியில் விட்ட வேலையை முடித்தாள். மிச்ச க்ளிப்புகளை நறுக்கினாள். மழை விட்டு மெயினை ஏற்றியதும் ஒயர்களைச் செருகினாள். பட்டையைக் கட்டினாள். வளையம் விட்டாள். “இழுங்க” என்றாள். மாரிக்கண்ணன் மணிக்கட்டை நுழைத்து இழுத்தார். எல்லாம் ஒன்றாகக் கழன்று வந்தது. மறுபடி கட்டிவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னாள். பச்சை விளக்குகள் அசையாமல் எரிந்தன. இந்தக் கம்பெனியிலிருந்து இனி ஒரு காலத்திலும் இந்தப் புகார் வராது. அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியும். அது தெரிந்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மாரிக்கண்ணன் அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர்வரைக்கும் வந்தார். ஆபீஸ் சன்னல் திறந்திருந்தது. முத்துக்கிருஷ்ணன் உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அங்கே போய் ஒரு வார்த்தை சொல்ல நாலெட்டு நடந்தால் போதும். மாரிக்கண்ணன் நடக்கவில்லை. பையை ஸ்கூட்டரில் வைத்தார். ஸீட்டில் தேங்கியிருந்த மழைத்தண்ணியைத் தோள்துண்டால் துடைத்துவிட்டார், ஒரு சொட்டு மிச்சமில்லாமல்.

“பாத்துப் போங்க தாயி. ரோடெல்லாம் தண்ணியாக் கெடக்கும்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இடுப்பு சுரீரென்றது. அவர் சொல்லக்கூடாது என்றுதான் அவளும் நினைத்தாள். சொல்லப் போயிருந்தால் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாள். ஆனால் நிறுத்துவதற்காவது அவர் ஒரு எட்டு எடுத்து வைத்திருக்கலாம் என்று தாயில்பட்டி முக்கு திரும்புகிறவரைக்கும் அவளுக்கு மனசு ஆறவில்லை.